திருப்பி அனுப்பிய பெட்டி

"அந்தப் பெட்டிய அன்னிக்கு நான் வாங்கி உள்ள வெச்சிருந்தா, எம் பையன் இப்ப இருப்பானா அம்மிணி?"

நாகரத்தினம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டாள். யார், எவர் என்று சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

பந்தயத் தடத்தை ஒட்டிய தன் ஷெட்டில் பிருந்தா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். கிரீஸ் படிந்த கை ஒன்று மட்டும் வெளியே நீண்டது.

"உங்க காலுகிட்ட ஒரு ஸ்பேனர் இருக்குது பாருங்க. அத எடுங்கம்மா."

நாகரத்தினம் எடுத்துக் கொடுத்தாள்.

பந்தயத் தடத்துக்கு வருகிறவர்கள் பிருந்தாவை டீச்சர் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவள் டீச்சர் இல்லை. ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவள். இப்போது மற்றவர்களின் கார்களைத் தடத்துக்குத் தயார் செய்து கொடுக்கிறாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கிடைக்கும். இதற்குப் பயந்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

நாகரத்தினத்துக்கு அறுபது. கோயம்புத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். மூச்சுக்கு மூச்சு "ஸ்லோ, ஸ்லோ" என்று சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள். அவள் வயிற்றில் பிறந்த மிதுன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பந்தயத் தடத்தில் கார் ஓட்டினான். கடவுளுக்கும் சில சமயம் கிண்டல் செய்யத் தோன்றும் போலிருக்கிறது.

மிதுன் தன் காருக்கு ஒரு விங் ஆர்டர் செய்திருந்தான். காரின் வால் பக்கம் குறுக்கே நிற்கும் நீளப் பலகை அது. விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்கும். இது தலைகீழாக நின்று காரைக் கீழே அமுக்கும். வளைவில் வால் வழுக்காமல் இருக்கும்.

பெட்டி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. கதவைத் திறந்தவள் நாகரத்தினம். கூரியர்காரர் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "காருக்குங்களாம்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இங்க யாரும் இதெல்லாம் கேக்கல. எடுத்துட்டுப் போங்க" என்று கதவைச் சாத்தினாள்.

ராத்திரி சாப்பிடும்போது மிதுன் கேட்டான். "ஏம்மா, எனக்கு ஏதாச்சும் பெட்டி வந்துச்சா?"

"நான் ஒண்ணும் பாக்கல சாமி."

மறுநாள் கூரியர் கிடங்குக்கு விசாரிக்கப் போனான். பைக்கில் போனான். நல்ல மழை. கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பெட்டி தானாகவே மறுபடி வந்தது. இந்தத் தடவை நாகரத்தினம் கையெழுத்துப் போட்டு வாங்கி, கூடத்தில் படுக்க வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. கோயில் குருக்களிடம் கேட்டாள், ஜோசியரிடம் கேட்டாள், தங்கையிடம் கேட்டாள். எல்லோரும் விதி என்றார்கள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகைதான் வந்தது.

பிருந்தா காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். நாகரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததுமே யாருடைய அம்மா என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே மூக்கு.

"பெட்டி எங்கீங்க?"

"வெளிய வண்டி மேல கட்டியிருக்குது. மிதுன் காருதான் இங்கயே நிக்குதே. அதுல மாட்டிக் குடு. அவன் ஆசப்பட்டது. வீட்டு முன்னால கொண்டு போயி நிறுத்தி வெச்சுக்கறேன்."

"நிக்கற காருக்கு நான் விங் மாட்டறதில்லீங்க."

"பின்ன யாரு ஓட்டறது? அவந்தான் இல்லியே."

"நீங்க ஓட்டுங்க."

"நானா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"அப்ப பெட்டிய எடுத்துட்டுப் போங்க."

நாகரத்தினத்துக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? பிருந்தா அதற்குள் திரும்பிப் போய் வேறொரு காரின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

நாகரத்தினம் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

ஷெட்டைப் பூட்டுகிற நேரத்துக்கு எழுந்து வந்தாள்.

"எப்ப வரோணும்?"

"காலைல வாங்க."

*

காலையில் பெட்டியைப் பிரித்தார்கள்.

விங் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பாக, வழவழவென்று, தொட்டால் கை வழுக்கிற மாதிரி. அதை நிறுத்துகிற இரண்டு கால்களையும் பிருந்தா எடுத்துப் பார்த்தாள். காரின் பின்பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"இது வேற காருக்குச் செஞ்சதுங்க. காலு குட்ட."

"எம் பையன் எதையும் பாக்காம வாங்க மாட்டான்" என்றாள் நாகரத்தினம். குரல் உயர்ந்தது.

பிருந்தா வாதம் செய்யவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு உல்லன் நூல்கண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"விரல் நீளத்துக்கு வெட்டி, கார் கூரை மேல, பின் கண்ணாடி மேல, டிக்கி மேல எல்லாம் ஒட்டுங்க. ஒரு நுனி மட்டும் ஒட்டுங்க. இன்னொன்னு ஆடோணும்."

"எதுக்கு?"

பதிலுக்குக் கத்தரிக்கோல்தான் வந்தது.

மத்தியானம் வரை ஒட்டினாள். சிவப்பு நூல். மிதுனின் கார் மேலெல்லாம் மயிர் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

பிருந்தா அந்தக் காரை எடுத்துக்கொண்டு தடத்தில் இறங்கினாள். நாகரத்தினம் தன்னுடைய டிரைவிங் ஸ்கூல் காரில் பின்னாலேயே போனாள். பந்தயத் தடத்தில் எல் போர்டு வைத்த கார் ஓடியது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஓரத்தில் நின்றிருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. நூலையே பார்த்துக்கொண்டு போனாள்.

"என்னங்க பாத்தீங்க?" வண்டியை நிறுத்தி இறங்கியதும் பிருந்தா கேட்டாள்.

"கூரை மேல இருந்த நூலெல்லாம் எண்ண வெச்சுப் படிய வாரின தல மாதிரி அப்படியே படுத்துக்கிச்சு. கண்ணாடிக்குக் கீழ வந்ததும் பேய் புடிச்ச மாதிரி சுத்துது. ஒண்ணு அக்கட்ட போவுது, ஒண்ணு இக்கட்ட போவுது."

"பெட்டில வந்த காலுல நிறுத்தினா விங் எங்க நிக்கும்?"

நாகரத்தினம் குட்டைக் காலை எடுத்து டிக்கி மேல் வைத்தாள். கையால் உயரம் பார்த்தாள். பின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"சுத்தற எடத்துலதான் நிக்கும்."

"அங்க நின்னா?"

"நிக்கும். ஒண்ணும் செய்யாது."

அந்தக் குட்டைக் காலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"எம் பையன் தப்பாத்தான் வாங்கிட்டானா?"

"ஆமாங்க."

அவன் செத்த பிறகு அவனைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் பிருந்தாதான். நாகரத்தினத்துக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. அவசரக் குடுக்கை. சட்டை வாங்கினாலும் அளவு பார்க்க மாட்டான், போட்டுப் பார்த்துவிட்டு முழிப்பான். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள்.

"என்கிட்டயும் கேக்கலீங்க" என்றாள் பிருந்தா.

*

உயரமான கால்கள் செய்ய அலுமினியத் தகடு வாங்கி வந்தார்கள். எத்தனை உயரம் என்று நூல் சொல்லியிருந்தது. நாகரத்தினம்தான் கோடு போட்டாள்.

"டிக்கி மூடியில வெச்சு முடுக்கிரலாமா?" என்று கேட்டாள்.

"மூடிய அமுக்கிப் பாருங்க."

உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். தகரம் டொப்பென்று உள்ளே போய், கையை எடுத்ததும் வெளியே வந்தது. கார் அசையவில்லை.

பிருந்தா மூடியைத் திறந்து, உள்ளே வண்டியின் சட்டத்தைக் காட்டினாள். "இப்ப இங்க அமுக்குங்க."

நாகரத்தினம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் இறக்கினாள். வண்டியே தணிந்தது. பின் டயர்கள் தரையை அழுத்தின.

"இங்கதான் நிக்கோணும்" என்றாள்.

"ஆமாங்க."

டிரில்லிங் மிஷினை பிருந்தா அவள் கையில் கொடுத்தாள். நாகரத்தினம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதுன் இந்தக் காரைத் துடைப்பதற்கென்றே தனியாகத் துணி வைத்திருந்தான், வேறு யாராவது அந்தத் துணியைத் தொட்டால் சண்டைக்கு வருவான். அந்தக் காரில் ஓட்டை போட வேண்டும்.

"நீயே போடு அம்மிணி. எனக்கு மனசு வல்ல."

பிருந்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வேறு வழியில்லை. நாகரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். இரும்புத் துருவல் அவள் காலில் சுடச்சுட விழுந்தது. நகரவில்லை.

விங்கை நிறுத்தி முடித்ததும், காலில் வரிசையாக இருந்த துளைகளில் போல்ட்டை ஏற்றி இறக்கிச் சாய்வு வைக்கிற வேலை. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கு அமுக்கும் என்று பிருந்தா சொன்னாள்.

"அப்ப முழுசாச் சாச்சுரு. நல்லா அமுக்கட்டும்."

"பாரத்தப் பூராவும் பின்னாலயே வெச்சா, முன் சக்கரம் பேச்சு கேக்காதுங்கம்மா. திருப்பினாத் திரும்பாது. நேராப் போயி செவுத்துல நிக்கும்."

நாகரத்தினம் போல்ட்டைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு ஒரு துளை கீழே இறக்கினாள். பிருந்தாவைப் பார்த்தாள். இன்னொரு துளை இறக்கினாள்.

பிருந்தா தலையாட்டினாள்.

*

ஓட்டுவதற்கு முன்னால் தடத்தைப் பழகட்டும் என்று பிருந்தா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். முப்பது வருஷம் அந்தப் பிரேக்கில் கால் வைத்தே பிழைத்தவள் நாகரத்தினம். ஒவ்வொரு வளைவுக்கும் அவள் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. மிதித்து மிதித்துப் பார்த்தது.

"அன்னிக்கு நான் அந்தப் பெட்டிய வாங்கியிருந்தா…" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

பிருந்தா அவள் காலைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்கம்மா."

நாகரத்தினம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கேள்வி பாதியிலேயே நின்றது. கால் மட்டும் இன்னும் இரண்டு வளைவுக்கு மிதித்தது.

*

இடம் மாற்றி உட்கார்ந்தார்கள். மிதுனின் தலைக்கவசம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. உள்ளே துண்டு வைத்துக் கட்டினார்கள். அதில் அவன் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது.

தடத்தில் வேறு கார் இல்லை.

முதல் சுற்று, காய்கறி வாங்கப் போகிற வேகம்.

"ஒண்ணும் தெரியலியே அம்மிணி. பாடுபட்டு மாட்டினமே."

"இந்த வேகத்துக்கு அது வெறும் பலகைங்க. மிதிங்க."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கச் சொன்னவள், நேர்ப்பாதை வந்ததும் தன் காலை வைத்து அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. கண்ணுக்கு இருபக்கமும் இருந்த புல் பச்சைக் கோடாகிவிட்டது. அலைபாய்ந்துகொண்டே வந்த கார் திடீரென்று அடங்கியது. பின்பக்கம் மெல்லத் தணிந்து தரையைப் பிடித்துக்கொண்டது.

முப்பது வருஷம் கார் ஓட்டியவளுக்கு, பின்னால் ஒரு ஆள் ஏறினால் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

"அம்மிணி, பின்னால யாரோ ஏறி உக்காந்தாங்க."

"பின்னால சீட்டே இல்லீங்களேம்மா. எப்பவோ கழட்டியாச்சு. காத்துங்க அது."

கண்ணாடியில் பார்த்தாள். கார் உருண்டாலும் நசுங்காமலிருக்கப் போட்ட இரும்புக் கம்பிக் கூண்டு தெரிந்தது. அதற்கப்பால் விங் தெரிந்தது. வேறு யாரும் இல்லை.

"எத்தன பாரம் இருக்கும்?"

பிருந்தா வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள்.

"இப்பத்திக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பாரம் இருக்குங்க."

வளைவு வந்தது. நாகரத்தினம் பிரேக்கை மிதித்தாள். வேகம் குறையக் குறையப் பின்பக்கம் லேசாகி மேலே எழும்பியது.

"போயிட்டான்" என்றாள்.

யார் என்று பிருந்தா கேட்கவில்லை.

அடுத்த சுற்றில், நேர்ப்பாதையில், பாரம் மறுபடி ஏறி உட்கார்ந்தது. வளைவில் எழுந்து போனது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. நாகரத்தினத்தின் முகத்தில் என்ன இருக்கிறது என்று தலைக்கவசத்துக்குள் தெரியவில்லை. கழுத்து வழியாகக் கண்ணீர் இறங்கி ஜாக்கெட்டை நனைத்திருந்தது.

பிறகு அவள் பிரேக்கைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள்.

முதலில் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். வளைவில் டயர் கிறீச்சிட்டது. ஒரு சக்கரம் தடத்தை விட்டு இறங்கி மண்ணைக் கிளப்பியது. எப்படியோ இழுத்துத் திருப்பினாள். திருப்பிய கையோடு மறுபடி மிதித்தாள்.

"அம்மா, வளைவுக்கு இந்த வேகம் ஆகாதுங்க."

"கொறச்சா எந்திரிச்சுப் போயிருவான் அம்மிணி."

பிருந்தாவும் அவனை அறிந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் வாசலில் நின்று ஹாரன் அடித்தே அவள் உயிரை வாங்கியவன் அவன்.

"ஆமாங்க" என்றாள். "போயிருவானுங்க."

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் கடைசி வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தது. நாகரத்தினம் காலை அழுத்தினாள். காற்று வந்தது. பின்பக்கம் தணிந்தது. பாரம் ஏறி உட்கார்ந்தது.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சாமி, அந்தப் பெட்டி வந்துச்சு. அம்மாதான் திருப்பி அனுப்பிச்சேன். நீ கேட்டப்ப பாக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

எஞ்சின் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

பாரம் அசையவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. அவளோடு சேர்ந்து அப்படியே வந்துகொண்டிருந்தது.

நேர்ப்பாதை முடியப்போகிறது. வளைவு கிட்டே வந்துவிட்டது.

"எறங்கிக்க சாமி" என்றாள்.

காலை எடுத்தாள்.